மெஷின் ஏன் நிற்கவில்லை?

பதினோரு நாளாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை ஒரு மெஷினால் வந்தது. பட்டறை மூலையில் நிற்கும் தூசி மெஷின். மரம் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கிற தூளைக் குழாய் வழியாக இழுத்து, தன் வயிற்றில் இருக்கும் இரும்பு டிரம்மில் அடைத்துக்கொள்ளும். தலையில் மோட்டார், காலில் நாலு சக்கரம். நாளுக்கு ஐந்தாறு தடவை சூடேறித் தானாக நின்றுவிடும். இருபது நிமிடம் ஆறவிட்டால்தான் மறுபடி ஓடும்.

“மூணு மெஷினோட தூசிய ஒரே மெஷின் தலையில கட்டினா அது என்ன பண்ணும்? குழாயையும் இருபது அடிக்கு நீட்டிட்டே. அதுக்கு மூச்சு வாங்குது அண்ணா,” என்றாள் சின்னவள்.

அவள் சொன்னால் விஷயம் இருக்கும். இரண்டு தெரு தள்ளி, கணவனோடு சேர்ந்து மோட்டார் ரிப்பேர் கடை நடத்துகிறாள். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது அவள் தொழில். ஆனால் வேலையாட்கள் முன்னால் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குச் சுருக்கென்றது.

“நீ மோட்டார் சுத்துற வேலையப் பாரு. பட்டறைய நான் பாத்துக்கறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

நடுவில் கிடந்து திண்டாடுவது அண்ணி. பட்டறையின் முன் அறையில் மேசைகளுக்குப் பாலிஷ் போடுவது அவள்தான். நாத்தனாரோடு ஃபோனில் பேசும்போது கணவர் காதில் விழக்கூடாது. கணவரிடம் பேசும்போது நாத்தனார் பேரை எடுக்கக்கூடாது. இப்படி எத்தனை நாள் ஓட்டுவது?

ஒரே ஆறுதல், போன திங்கட்கிழமையிலிருந்து தூசி மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“சரியாயிடுச்சா?” என்று கேட்டதற்கு, “ம், சரியாயிடுச்சு,” என்றார் அண்ணன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அண்ணி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது நேருக்கு நேர் பார்த்துப் பேசினார், இப்போது பேச?

நூலகத்துக்கு இருபத்துநாலு வாசிப்பு மேசை ஆர்டர். பதினெட்டு முடிந்துவிட்டது. மீதி ஆறை ஏற்ற மாலை நாலு மணிக்கு வேன் வரும். வேலையாட்கள் இரண்டு பேரும் அலமாரி பொருத்த நூலகத்துக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் அன்று புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

மணி பதினொன்று இருக்கும். அண்ணி ஒரு மேசையின் காலுக்குப் பாலிஷ் தடவிக்கொண்டிருந்தாள். மூக்கில் ஏதோ உறுத்தியது.

பாலிஷ் துணிதான் சூடாகிவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பதால், எல்லாத் துணியையும் தண்ணீர் வாளியில்தான் போட்டு வைப்பாள். குனிந்து பார்த்தாள். எல்லாம் நனைந்தே கிடந்தன.

நாற்றம் கூடியது. பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி. அதோடு மரம் எரிகிற மாதிரியும்.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உள் அறைக் கதவைத் தள்ளினாள்.

தூசி மெஷினின் தலையிலிருந்து புகை எழுந்து கூரையைத் தொட்டுப் பரவிக்கொண்டிருந்தது. டிரம்மின் பக்கவாட்டில் நீலப் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாகப் பொங்கியிருந்தது. அதற்கு நாலே அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணன் நிம்மதியாக மேசைப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க!”

சாண்டிங் மெஷினின் இரைச்சல். காதில் இரைச்சல் தடுப்பான் வேறு. அவர் திரும்பவில்லை.

“என்னங்க! ஐயோ, என்னங்க!”

சுவரோரமாக ஓடி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

பட்டறை அடங்கியது. அண்ணன் காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டே திரும்பினார்.

“என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?”

அவள் மெஷின் பக்கம் கையை நீட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

“அடக் கடவுளே!” என்று பாய்ந்து டிரம்மின் கிளிப்பைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை உதறினார். விரல் பொசுங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அதற்குள் அண்ணியின் விரல் ஃபோனைத் தட்டிவிட்டிருந்தது. யாரோடு பேசக்கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே நினைவுக்கு வருகிறது?

“சின்னு, தூசி மெஷின் புகையுதுடி! அண்ணன் தொறக்கப் போறாரு!”

“தொறக்காதீங்க!” ஃபோனே அதிரும்படி கத்தினாள் சின்னவள். “தொறந்தா காத்து பட்டு குப்புனு பத்திக்கும் அண்ணி! அந்தத் தூள் பறந்து நெருப்பு பட்டுச்சுன்னா வெடிச்சிடும்! அப்படியே தள்ளி வெளியே கொண்டு போங்க! நான் வந்துட்டேன்!”

அண்ணன் கையை எடுத்தார். பதினோரு நாளுக்குப் பிறகு தங்கையின் குரலைக் கேட்கிறார். கேட்ட முதல் வார்த்தைக்கே அடங்கிப்போனார்.

குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். பின்வாசல் நிலைப்படியில் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டது. அண்ணி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பலகைத் துண்டை எடுத்து அடியில் கொடுத்து நெம்பினாள். டிரம் ஆடியது, சாய்ந்தது, அண்ணன் தோள் கொடுத்தார். தடால் என்று முற்றத்துச் சிமென்டுத் தரையில் இறங்கியது.

இறங்கிய அதிர்ச்சியில் மோட்டாரின் பிளாஸ்டிக் மூடி உருகிய வெல்லம் மாதிரி ஒரு பக்கமாக வழிந்தது.

சின்னவள் வண்டியை ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு, கால் நடுவே இடுக்கி வந்த தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. “தள்ளி நில்லுங்க” என்று மட்டும் சொன்னாள்.

குழாய் மாட்டும் ஓட்டை வழியாகவே பீய்ச்சினாள். பிறகு தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை உள்ளே சொருகி, மெல்லத் திறந்துவிட்டாள். டிரம் உஸ்ஸென்று ஆவி விட்டது. கால் மணி நேரம் மூன்று பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆவி அடங்கியதும் நீளக் கம்பியால் கிளிப்பைத் தட்டித் திறந்தாள்.

மேலே ஈரக் கஞ்சியாகக் கிடந்தது மரத்தூள். கம்பியால் கிளறினாள். நடுவில் தலையணை அளவுக்குக் கரி. அத்தனை தண்ணீருக்குப் பிறகும் அதன் உள்ளே ஒரு இடம் சிவந்திருந்தது.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தடி தள்ளி உள்ளே பலகை அடுக்கு. அதற்கு அடுத்த அறையில் பாலிஷ் டின்கள், தின்னர் கேன்கள். பத்து நிமிடம் தாமதித்திருந்தால்?

“இவ்ளோ நாத்தம் தெரு முனை வரைக்கும் வந்துச்சு,” என்றாள் சின்னவள். அப்போதுதான் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். “பக்கத்துலயே நின்னிருக்கே. உனக்குத் தெரியலையா?”

“மாஸ்க் போட்டிருந்தேன்.”

“மாஸ்க் கழுத்துல தொங்கிட்டிருந்துச்சு,” என்றாள் அண்ணி.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அண்ணிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகியபோது, இந்த மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டியில் கெட்டுப்போன குழம்பை வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். முன்பெல்லாம் சாப்பாட்டில் நூறு குறை சொல்லுவார். நாலைந்து மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. வயசாக ஆக மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார் என்று அவள் பூரித்துப்போயிருந்தாள்.

எழுந்தாள். உள்ளே போய் தின்னர் கேனைத் திறந்து ஒரு துணியை முக்கினாள். வெளியே வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். சின்னவள் இரண்டடி தள்ளி நின்றவள், நெடி தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் கண் சிமிட்டாமல் நின்றார்.

“இது என்னங்க?”

“துணி.”

“என்ன வாசனை வருது?”

அவர் துணியையே பார்த்தார்.

“கேக்கறேன் இல்ல?”

“ஒண்ணும் வரல,” என்றார் அண்ணன். “காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து. அஞ்சு மாசமாச்சு. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு பாத்தேன்.”

“என்கிட்டகூடச் சொல்லலியே!”

“சொல்லி? ஒரு சீவல எடுத்து மோந்து பாத்து என்ன மரம்னு சொல்லுவேன். அதுக்காகவே மர டிப்போவுல என்னைக் கூப்பிடுவாங்க. மூக்கு போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?” “நீயும் பயந்துடுவே.”

“இப்ப பயப்படலியா நான்? உங்களைக் கரிக்கட்டையா பாத்திருப்பேன்! அதுக்கு எவ்ளோ பயப்படணும்னு சொல்லுங்க!”

அண்ணி கத்தியது அதுவரை யாரும் கேட்டதில்லை. அவளே தன் குரலைக் கேட்டு அதிர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் மோட்டார் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கை வேலை செய்தால்தான் மனசு நிற்கும். ஃபில்டரை உருவினாள். மாவு பிசைந்து அப்பிய மாதிரி நுண்தூள் கட்டியிருந்தது. விரல் நகம்கூட இறங்கவில்லை. “காத்து போக வழியே இல்ல. மோட்டார் எப்படி ஆறும்?” என்று முணுமுணுத்தாள். பிறகு ஸ்குரூ ஒவ்வொன்றாகக் கழற்றி, கருகிய மூடியைப் பெயர்த்தாள்.

“ஆனா, சூடு ஏறினா தானா நின்னுடணுமே. அதுக்குன்னு தனியா ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு அண்ணி. சூடு தாண்டினா கரண்ட்டை வெட்டிடும். முன்னாடி அஞ்சாறு தடவை நின்னுச்சில்ல, அது அந்த சுவிட்சோட புண்ணியம். இன்னிக்கு ஏன்...”

அவள் கை நின்றது.

குனிந்து உற்றுப் பார்த்தாள். கருகலைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

“என்ன சின்னு?”

“சுவிட்சே இல்ல,” என்றாள். “இருக்கு, ஆனா இல்ல. அதுக்கு வர ரெண்டு வயரையும் வெட்டி, நேரா சேத்துக் கட்டிவிட்டிருக்கு. இனிமே எவ்ளோ கொதிச்சாலும் இது நிக்காது. எரிஞ்சாத்தான் நிக்கும்.”

திங்கட்கிழமையிலிருந்து மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அண்ணி ஆறுதல்பட்டிருந்தாள்.

“யாரு பண்ணினது?”

“நான்தான்,” என்றார் அண்ணன் உடனே.

“நீயா?” சின்னவள் நிமிர்ந்தாள். “உனக்கு பல்பு மாத்தவே ஆள் வரணும். ஈயம் வெச்சு ஒட்டியிருக்கு அண்ணா. மேல பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு, மெழுகு நூல் சுத்தி...”

வாக்கியம் முடியவில்லை. அவள் மறுபடி அந்த நூலைப் பார்த்தாள். கருகாமல் தப்பிய அரை அங்குல நூல். மூன்று சுற்று, குறுக்கே ஒரு சுற்று, இரட்டை முடிச்சு. எட்டு வருஷமாக ஒரே மேசையில், எதிர் நாற்காலியில், தினமும் அவள் பார்க்கிற முடிச்சு.

அண்ணி நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது.

சின்னவள் ஃபோனை எடுத்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “கொஞ்சம் அண்ணன் பட்டறைக்கு வாங்க... இல்ல, இப்பவே. கடைய மூடிட்டு வாங்க.”

சின்னவளின் கணவர், அந்த வீட்டு மாப்பிள்ளை, ஐந்து நிமிடத்தில் வந்தார். முற்றத்தில் கறுப்பாக நின்ற மெஷினைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றவே மறந்துபோனார்.

“மச்சான், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? அக்கா, நீங்க?”

“அவங்க நல்லாதான் இருக்காங்க,” என்றாள் சின்னவள். வயர் முனையை அவர் கண்முன் நீட்டினாள். “இது யாரு கட்டினது?”

அவர் பொய் சொல்ல முயலவில்லை. அந்த ஒன்றுக்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

“ரெண்டு வாரத்துக்கு மட்டும்னு மச்சான் கேட்டாரு. ஆர்டர் முடிஞ்சதும் எடுத்துடலாம்னு...”

“அவரைத் திட்டாதே,” என்று குறுக்கே வந்தார் அண்ணன். “முடியாதுன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. நாலு தடவை வீட்டுக்குப் போற வழியில மறிச்சுக் கேட்டேன். உன்கிட்ட கேட்க முகமில்ல எனக்கு.”

“என்கிட்ட கேட்டா செய்ய மாட்டேன்னு உனக்குத் தெரியும். அதான் கேக்கல.” அவள் கணவனின் பக்கம் திரும்பினாள். “அண்ணனுக்கு மோட்டார் தெரியாது. அவரை விடுங்க. எரிஞ்ச மோட்டாரைத் தினமும் கையில பிடிக்கிற ஆள் நீங்க. உங்களுக்குமா தெரியாது?”

மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. கருகிய டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன?”

“இன்னும் மூணு இருக்கு.”

“என்ன மூணு?”

“இதே மாதிரி. இன்னும் மூணு பட்டறையில கட்டிக் குடுத்திருக்கேன்.” “மச்சானோட மெஷின் நிக்காம ஓடுதுன்னு கேள்விப்பட்டு வந்தாங்க. ஒருத்தருக்குச் செஞ்சுட்டு இன்னொருத்தருக்கு முடியாதுன்னு எப்படி...”

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். டிப்போவில் நாலு பேர் நடுவில், ‘நம்ம மெஷின் இப்ப சும்மா குதிரை மாதிரி ஓடுது’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது அவர்தானே!

சின்னவள் திட்டவில்லை. அழவில்லை. “நம்பர் போடுங்க,” என்றாள்.

முதல் பட்டறைக்காரர் உடனே எடுத்தார். விஷயத்தைக் கேட்டு அந்த நிமிடமே மெஷினை நிறுத்தினார். இரண்டாவது ஆள், “நல்லாத்தானே ஓடுது, சாயந்தரம் பாக்கலாம்,” என்று இழுத்தார். அண்ணன் ஃபோனைப் பிடுங்கினார்.

“என் பட்டறை இப்ப எரிஞ்சிருக்கும்யா! என் பொண்டாட்டி மோப்பம் புடிக்கலேன்னா நான் உன்கிட்ட பேசிட்டிருக்க மாட்டேன். நிறுத்து! நிறுத்திட்டேன்னு சொல்லு, அப்புறம் வைக்கறேன்!”

அந்தப் பக்கம் சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தார்.

மூன்றாவது, கதவு செய்கிற பட்டறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். எடுக்கவில்லை.

“மெஷின் ஓடுறப்ப யாருக்குக் கேக்கும்?” என்றாள் அண்ணி.

“இந்த டிரம் மறுபடி புகைஞ்சாலும் புகையும் அண்ணி. தண்ணிய நிறுத்தாதீங்க. அந்த நம்பருக்கு விடாம அடிச்சிட்டே இருங்க,” என்று சொல்லிக்கொண்டே சின்னவள் கணவனின் பைக்கில் ஏறினாள்.

அண்ணன் ஸ்கூட்டரை உதைத்தார். சுட்ட விரல் பிரேக்கில் படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். மெயின் ரோட்டில் ஒரு சிக்னலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“கைக்கு மருந்து போட்டியா?” என்றாள் சின்னவள், நேரே சிக்னலைப் பார்த்தபடி.

“அப்புறம் போட்டுக்கறேன்.”

“அந்த மூக்குக்கும் டாக்டரைப் பாக்கணும். நாளைக்கு நான் வரேன், போலாம்.”

அண்ணன் தலையை ஆட்டினார். விளக்கு பச்சையானது.

கதவுப் பட்டறையின் இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அறுக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. அண்ணன் ஷட்டரைக் கையால் ஓங்கி அடித்துக்கொண்டே குனிந்து நுழைந்தார். பின்னாலேயே மற்ற இருவரும்.

உள்ளே மரத்தூள் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. காற்றெல்லாம் தூசி. முதலாளி தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றுகொண்டு பலகை தள்ளிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

“வாங்க வாங்க, என்ன மூணு பேரும் சேர்ந்து?”

மாப்பிள்ளையின் கண்கள் சுவரோரம் ஓடின. தூசி மெஷின் இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது.

“மெஷின் எங்க?” என்றார். “நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தேனே, அந்த மெஷின்?”

“அதுவா? முந்தாநேத்து குடுத்துட்டேன் தம்பி. எனக்குப் பெருசு ஒண்ணு அடுத்த வாரம் வருது.” முதலாளி தலையில் இருந்த தூளைத் தட்டினார். “ஒரு வாத்தியார் வந்தாரு. பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு மரவேலை வகுப்பு புதுசா ஆரம்பிக்கிறாங்களாம். பழசானாலும் பரவாயில்ல, நிக்காம ஓடினாப் போதும்னாரு. நான் உங்க பேரைச் சொல்லித்தான் குடுத்தேன்.”

“எந்தப் பள்ளிக்கூடம்?” என்றாள் சின்னவள்.

“பேரு கேக்கலியேம்மா. வேன்ல ஏத்திட்டுப் போனாரு.” அவர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மறைந்தது. “ஏன், என்ன ஆச்சு? இன்னிக்கு மத்தியானம்தான் முதல் வகுப்புன்னு சொன்னாரு.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால்.

மாப்பிள்ளை மரத்தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எழுந்திருங்க,” என்றாள் சின்னவள். குனிந்து அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். “வண்டிய நான் ஓட்டறேன். ஒரு பள்ளிக்கூடம் விடாம தேடுவோம்.”